நண்டுப்பாரின் எட்டுக் கண்டன்சர்கள்

நண்டுப்பார் தீவு, கேட்பு நிலையம்
பதிவேடு 4
பொறுப்பு: பெர்னதெத் வாஸ், வானொலிப் பொறியாளர்

நவம்பர் 6, 2068. காலை 06:15

பேட்டரி 6.2 வோல்ட். காற்றாலை டைனமோ சுற்றுகிறது. காற்று வடகிழக்கு, மிதம். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் கேட்டேன். கரையிலிருந்து ஒன்றும் இல்லை. வெள்ளைக் கொடி ஏற்றினேன்.

புதுப் பதிவேடு. பின்னால் யாராவது இதைக் கண்டெடுத்தால் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதற்காக ஒரு முறை எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சூரியன் அடுத்தடுத்து நான்கு முறை சீறியது. சிப் வைத்த கருவி ஒன்றும் மிஞ்சவில்லை. புதிதாகச் செய்தாலும் அடுத்த சீற்றத்தில் கருகுகிறது. பிழைத்தவை கண்ணாடி வால்வு போட்ட பழைய வானொலிகள் மட்டும். என் மேஜையில் இருக்கும் தேக்குப்பெட்டி செட்டுக்கு நூற்றுப் பத்து வயது.

கரையில், தருவைமுனையில், ஒரே ஒரு ஒலிபரப்பி. அதன் வால்வுகளுக்கு மாற்று கிடையாது. ஆகவே கடலில் ஆபத்து என்றால் மட்டும்தான், அதுவும் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து மணி வேளைகளில்தான் பேசுவார்கள். பேசினால் கறுப்புக் கொடி, பேசாவிட்டால் வெள்ளைக் கொடி. கிழக்கே மீன்பிடிக்கும் நாற்பத்தொரு பாய்ப்படகுகளும் என் கொடிமரத்தைப் பார்த்தே தொழில் செய்கின்றன. பேசுபவர் காதர் சாகிபு. மூன்று வருடத்தில் ஒன்பது முறை அவர் குரலைக் கேட்டிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. என் செட்டில் கேட்க மட்டும்தான் முடியும்.

நவம்பர் 7. காலை 10:40

தம்பி எஸ்தாக்கி வந்து போனான். "சலேத் மாதா" அவன் படகு. இரண்டு பீப்பாய் தண்ணீர், ஒரு கட்டு விறகு, அரைக்கூடை சாளை மீன். விறகு ஈரம். அடுப்புப் பற்றவைக்க மண்ணெண்ணெய் இல்லை என்றதும் சிரிக்கிறான். நான்கு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க எல்லாப் படகும் நாளை கிளம்புகின்றன. வடகிழக்கே கறுப்பாக இருக்கிறதே, பார்த்துப் போ என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிடித்திருந்தது:

"யக்கா, நீ வெள்ளக் கொடி போட்டுட்டா நான் வானத்த ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேன். ஒன் ரேடியோதான் எனக்கு வானம்."

அவன் போன பிறகு செட்டின் பின்பலகையைக் கழற்றித் தூசி தட்டினேன். அடிப்பலகையில் எட்டுக் கண்டன்சர்கள், புத்தகத்தில் மின்தேக்கி என்று போடுகிறார்களே, அவை. எட்டும் பழுப்புக் காகிதம் சுற்றி மெழுகு ஊற்றிய உருளைகள். மெழுகு வெடித்திருக்கிறது, இரண்டில் வழிந்து உறைந்திருக்கிறது. இவை வயதானால் உள்ளே உள்ள காகிதம் ஈரம் குடித்து, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடும். கசிந்தால் செட் செவிடாகும், அல்லது வால்வைக் கொல்லும். மெழுகுக் கண்டன்சரைக் கண்டால் யோசிக்காமல் மாற்று என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த செட் பழைய வானொலி சேகரிப்பவர் எட்வின் மச்சாதுவுடையது. அவர் இறந்த பிறகு அரசு எடுத்துக்கொண்டது. வாங்கப் போனபோது அவர் மனைவி பெட்டியைத் தடவிக்கொண்டே, "உள்ள இருக்கதெல்லாம் அவரு பாத்துப் பாத்துச் செஞ்சு வச்சிருக்காரு தாயி, நீ ஒண்ணையுந் தொட்டுராத" என்றார். பாவம், புருஷன் ஞாபகம் என்று நினைத்து, தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாபகத்துக்குப் பெட்டி மேஜையில் இருக்கட்டும். நாற்பத்தொரு படகை நம்பி இந்த அழுக்கு மெழுகை விட்டுவைக்க முடியாது. மச்சாதுவின் அலமாரியிலிருந்து செட்டோடு வந்த தகர டப்பா ஒன்று இருக்கிறது. ஈய முத்திரை உடையாமல், உள்ளே பன்னிரண்டு புதுக் கண்டன்சர்கள்.

நவம்பர் 7. மாலை 16:20

முடிந்தது. எட்டையும் வெட்டி எடுத்து எட்டுப் புதியவை வைத்தேன். ஈயம் உருக்கி ஒட்டும் பற்றிரும்பை அடுப்பில் காயவைத்துத்தான் வேலை. விரலில் இரண்டு கொப்புளம். புதியவை என்ன அழகு! மெழுகில் ஒரு கீறல் இல்லை, அச்செழுத்துப் பளிச்சென்று இருக்கிறது.

மூன்று மணிக்கு வைத்துக் கேட்டேன். முன்பைவிடச் சுத்தம். மூன்று வருடமாக இந்த நச்சுப் பிடித்த வேலையில் எனக்கு நானே கைதட்டிக்கொள்ள ஒரு நாள் கிடைத்தது.

கழற்றியவையும் வீண் போகவில்லை. மெழுகு நன்றாக எரிகிறது. ஆறு போட்டதில் ஈர விறகு ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் எரிந்தது போல ஒரு நாற்றம். அந்தக் கால மெழுகில் என்ன எழவைக் கலந்தார்களோ. மீதி இரண்டை நாளைக்கு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 9. மதியம் 12:15

ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என மூன்று வேளையும் கேட்டாயிற்று. ஒன்றும் இல்லை. வெள்ளைக் கொடி பறக்கிறது.

செட் அவ்வளவு அமைதி. உலகத்தில் வேறு நிலையம் ஏதும் பாக்கி இல்லை, அதனால் எப்போதும் தூரத்து மின்னலின் கரகரப்பு மட்டும் கேட்கும். இன்று அதுகூட இல்லை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 10. காலை 06:20

கரை பேசவில்லை. வெள்ளைக் கொடி.

நவம்பர் 10. மாலை 15:15

ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. ஒன்றும் இல்லை. கொடியை மாற்றவில்லை.

உட்கார முடியவில்லை. தீவை மூன்று முறை சுற்றி வந்தேன், ஒரு சுற்று நானூறு அடி. காரணம் இல்லாமல் கொடிமரத்து ஏணியில் ஏறுகிறேன், இறங்குகிறேன். காற்றே இல்லை, ஆனால் தென்கிழக்கிலிருந்து நீளநீளமாக அலை வருகிறது. இரண்டு அலைக்கு நடுவே பதினான்கு நொடி. காற்றில்லாத இடத்தில் இந்த அலையை யார் தள்ளிவிடுகிறார்கள்?

ஆபத்து என்றால் காதர் சாகிபு சொல்லியிருப்பார். சொல்லவில்லை, ஆகவே ஆபத்து இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் கால் நிற்க மறுக்கிறது.

நவம்பர் 11. காலை 06:30

கரை பேசவில்லை. வெள்ளைக் கொடி ஏற்றினேன். ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 11. காலை 11:50

அலைக்கு நடுவே பதினாறு நொடி. சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறது. தென்கிழக்கு அடிவானத்தில் மேகம் விசிறி விரித்த மாதிரி நிற்கிறது. அத்தனை மேகத்தில் மின்னல் இல்லாமல் இருக்காது. என் செட்டில் ஒரு கரகரப்பு இல்லை.

செட்டைக் கவிழ்த்து முள் மீட்டரை எடுத்தேன். முதல் இரண்டு வால்வுகளின் திரைக்கு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிவலைக்கு, எண்பத்தைந்து வோல்ட் வர வேண்டும். பதினான்கு காட்டுகிறது.

நான் வைத்த புதுக் கண்டன்சர் கசிகிறது. பக்கத்தில் உள்ளதும் கசிகிறது. எட்டும் கசிகின்றன. செட் சுத்தமாக இருக்கவில்லை, செவிடாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

நவம்பர் 11. மதியம் 12:40

டப்பாவின் அடியில் அச்சிட்டிருக்கிறது: 1956. முத்திரை உடையாததால் புதிது என்று நம்பினேன். முத்திரைக்குள்ளேயே நூற்றுப் பன்னிரண்டு வருடம் கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மீதி நாலும் அப்படியே.

வேறு வழியில்லாமல் விறகுக் குவியலுக்குப் போய், எரிக்காமல் விட்ட அந்த இரண்டு அழுக்கு உருளைகளையும் எடுத்து வந்து மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை. ஒரு துளி கசிவு இல்லை. கத்தியால் ஒன்றை நீளவாக்கில் கீறினேன்.

மெழுகு வெறும் தோல். காகிதக் குழாய்க்குள் மஞ்சள் நிறத்தில், நகக்கண் அளவில், புதுவகைப் பிளாஸ்டிக் கண்டன்சர். அதைச் சுற்றி ஒரு துண்டுத்தாள், பொடி எழுத்தில்: "மாற்றியது 2041. இன்னும் நூறு வருடம் ஓடும். எ.ம."

பார்வைக்குப் பழசாக இருக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் வெறி. பழைய கூட்டைக் குடைந்து, புதியதை உள்ளே வைத்து, மேலே மறுபடி மெழுகு ஊற்றி, வெடிப்பைக்கூட வெடிப்பாகவே செய்து வைத்திருக்கிறார். மெழுகு வழிந்ததும் அவர் கைவேலைதான். அந்த அம்மாள் ஞாபகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கண்டன்சரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு ரேடியோ தெரியும், அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

ஆறை அடுப்பில் போட்டேன். நாற்றம் வந்தது, பதிவேட்டில் எழுதவும் செய்தேன்.

நவம்பர் 11. மாலை 15:20

இரண்டே இரண்டு நல்லவை. ஒன்றைத் திரைக்கு, ஒன்றைக் கடைசி வால்வுக்கு முன்னால் வைத்தேன். மூன்றாவதாக ஓர் இடத்துக்குத் தேவை: பேட்டரியின் ஆறு வோல்ட்டை இருநூறாக்கும் வைப்ரேட்டரைக் காப்பாற்றும் கண்டன்சர். அது தடித்தது, உயர்ந்த மின்னழுத்தம் தாங்குவது. அடுப்பில் போனவற்றில் ஒன்று. அங்கே 1956-ஐயே விட்டுவைத்தேன். அது வெடிக்கும் நாளில் வைப்ரேட்டரும் போகும், செட்டும் போகும். அதற்கு எத்தனை மணி நேரம் என்று தெரியாது.

சரியாக மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினேன். முதலில் மின்னல், தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல. அதற்குள்ளிருந்து குரல்:

"நண்டுப்பார், நண்டுப்பார். தருவைமுனை பேசுது. நேத்துக் காலைல ஒம்பது மணிலேருந்து ஒவ்வொரு வேளையும் சொல்லிட்டே இருக்கோம். தென்கிழக்க பெரும்புயல். கறுப்புக் கொடி ஏத்துங்கம்மா. ஒரு படகும் கரைக்கு வரல. ஒங்க கொடி ஏறிச்சா இல்லையான்னு எங்களுக்குத் தெரியல. அல்லாவுக்காக ஏத்துங்க. திருப்பிச் சொல்லுதேன்..."

முப்பது மணி நேரம். நேற்றுக் காலையிலிருந்து இந்த மனிதர் கத்திக்கொண்டிருக்கிறார். நான் வெள்ளைக் கொடி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11. மாலை 17:45

15:25: கறுப்புக் கொடி. கிழக்கே மூட்டம், இரண்டு மூன்று மைலுக்கு அப்பால் கொடி தெரியாது. சாமான் வைக்கும் கிட்டங்கியின் ஓலைக்கூரையைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் பழைய வலை, தார் டப்பா, ஆபத்துக்கென்று தொடாமல் வைத்திருந்த கடைசி டீசல் பீப்பாய். 15:50: தீ வைத்தேன். நல்ல கரும்புகை, நேராக ஏறியது. காற்று இல்லாததற்கு முதல்முறையாக நன்றி சொன்னேன்.

16:10-க்கு முதல் பாய் திரும்பியது. அப்புறம் கும்பலாக, பாயோடு துடுப்பும் போட்டு. தீவைத் தாண்டி மேற்கே கரையைப் பார்த்துப் போகின்றன. ஏணி மேல் நின்று ஒவ்வொரு பெயராகக் குறித்தேன். முப்பத்துமூன்று. சலேத் மாதா அதில் இல்லை.

கடைசியாகப் போன படகிலிருந்து சிலுவைதாசன் வாயில் கை குவித்துக் கத்தினான்: "யக்கா, எஸ்தாக்கி கெழக்க திரும்பிட்டான். ஏழு படகு தள்ளிக் கெடக்கு. அங்கேருந்து பொகை தெரியாது, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்னு போயிட்டான்."

பாவி. நான் உன்னைக் கூப்பிடத்தான் கூரையை எரித்தேன்.

காற்று எழுகிறது. கொடிக்கயிற்றை இறுக்கிக் கட்டப் போகிறேன்.

நவம்பர் 13. காலை 08:10

புயல் தாண்டிவிட்டது. நேற்று முழுக்க கான்கிரீட் அறைக்குள் தண்ணீர் முழங்கால் வரை. பேட்டரியையும் செட்டையும் பரணில் ஏற்றி, நான் கீழே நின்றேன். காற்றாலை போயிற்று. கொடிமரம் பாதி. வானொலிக் கம்பியை மீதி மரத்தில் மறுபடி கட்டியிருக்கிறேன்.

பேட்டரி 5.6. இனி ஏற வழியில்லை. ஆறு மணிக்கு ஒரே நிமிடம் வைத்தேன். காதர் சாகிபு: "பன்னெண்டு மணிக்குக் கரை சேந்த படகு பேரு எல்லாம் வாசிப்போம்." உடனே அணைத்தேன். வைப்ரேட்டர் இரைச்சல் தடித்திருக்கிறது. அந்தக் கண்டன்சரின் மெழுகு இளகி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

இன்னும் நான்கு மணி நேரம். அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினொரு எட்டு நடக்கலாம்.

நவம்பர் 13. மதியம் 12:25

கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

"நண்டுப்பார், தருவைமுனை பேசுது. நாப்பத்தொண்ணுல நாப்பது படகு கரை சேந்துட்டு. ஒண்ணு போச்சு. நாலு ஊருலயும் ஒதுங்கின படகு எல்லாம் கணக்குல வந்தாச்சு, இனி வர ஒண்ணும் இல்ல. எஞ்சினியரம்மா, இடி மின்னல்ல ஒங்களுக்கு எங்க பேச்சு கேக்காமப் போயிருக்கும், அது ஒங்க குத்தம் இல்ல. நீங்க தீ மூட்டலேன்னா நாப்பதும் போயிருக்கும்னு ஊரே சொல்லுது. ஒங்களக் கூட்டிட்டு வர நாளைக்குப் படகு அனுப்புதோம். இப்பப் பேரு வாசிக்கேன்."

வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, தப்பாகாமல். நான் கண்ணால் பார்த்த முப்பத்துமூன்று பெயர்களும் ஊர் ஊராக நடுவில் வந்துகொண்டிருந்தன. எனக்கு வேண்டியவை மீதி எட்டு மட்டும். எட்டையும் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று வந்தது, கோடு போட்டேன். இரண்டு. மூன்று. வைப்ரேட்டர் சுருதி ஏறியது. நான்கு. தீய்ந்த மெழுகு வாசனை. ஐந்து. "அடுத்தது மணல்குடியிருப்புல ஒதுங்கின படகு..." என்றார்.

பட்டென்று ஒரு சத்தம். புகை. வால்வுகள் அணைந்தன.

12:17.

நவம்பர் 13. மாலை 16:00

வைப்ரேட்டரின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. மின்மாற்றி உள்ளே கருகிவிட்டது. செய்ய ஒன்றும் இல்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தாளில் கோடு போடாமல் மூன்று பெயர்கள். "பெரியநாயகி", கிழவர் சூசையாவும் அவர் மகன்கள் இருவரும். "மின்னல்", கஸ்பாரும் நான்கு கூலிக்காரர்களும், அதில் ஒருவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம். "சலேத் மாதா".

மூன்றில் இரண்டு கரையில் நிற்கின்றன. ஒன்று இல்லை. முழங்கால் போட்டு ஜெபிக்கப் பார்த்தேன். தம்பி பிழைத்திருக்க வேண்டும் என்று கேட்டால் சூசையாவோ கஸ்பாரோ மூழ்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். எழுந்துவிட்டேன். பிறகு மறுபடி முழங்கால் போட்டு, தம்பி பிழைத்திருக்க வேண்டும் என்றே கேட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

காதர் சாகிபுவுக்கு: ஆபத்து இல்லாத நாளிலும் ஒரு வார்த்தை பேசுங்கள். "ஒன்றுமில்லை" என்றாவது சொல்லுங்கள். வால்வு தேய்ந்தால் தேயட்டும். தினமும் உங்கள் இருமல் ஒன்றாவது வரும் என்று இருந்திருந்தால், ஏழாம் தேதிக்குப் பிறகு அது வராதபோதே செட் செவிடு என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

நவம்பர் 14. காலை 09:30

மேற்கே ஒரு பாய். இங்கேதான் வருகிறது. அரை மணியில் கரை தட்டும். தொலைநோக்கி மேஜையில் இருக்கிறது, எடுக்கவில்லை. தம்பி இருந்தால் அவனே வருவான். வேறு யாரையும் வர விட மாட்டான்.

ஊரில் என்னைத் தோளில் தூக்கக் காத்திருக்கிறார்கள். இடி மின்னலில் கேட்கவில்லை என்று அவர்களே காரணமும் சொல்லிவிட்டார்கள். செட் கருகிவிட்டது, உள்ளே எது எப்போது மாறியது என்று கண்டுபிடிக்க இந்தக் கரையில் இன்னொரு ஆள் இல்லை. ஏழாம் தேதிப் பக்கத்தைக் கிழித்தால் போதும். அடுப்பில் இன்னும் கங்கு இருக்கிறது. ஒரு மணி நேரமாக அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் சூசையா வீட்டாராக இருக்கலாம். கஸ்பார் வீட்டாராக இருக்கலாம். எந்த வீடானாலும் அது என் கையால் போனது. எட்டுக் கண்டன்சர், முப்பது மணி நேரம், ஒரு படகு.

இப்போதுதான் எல்லாப் பக்கத்துக்கும் மையால் எண் போட்டு முடித்தேன். ஒன்றிலிருந்து பதினேழு. படகில் வருபவர் யாராக இருந்தாலும் வாயைத் திறப்பதற்கு முன் இதைக் கையில் கொடுப்பேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.

கரை தட்டும் சத்தம் கேட்கிறது. யாரும் கூப்பிடவில்லை. எஸ்தாக்கி என்றால் இந்நேரம் "யக்கா" என்று